துண்டு முதல் டோக்கன் வரை: மலையகத்தில் பேர் பதிந்த கதை

ஒரு வெப் ஏபிஐ எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை யார் வேண்டுமானாலும் வந்து தகவலை எடுத்துக்கொண்டு போகலாம் என்று திறந்து கிடந்தது. இப்போது அதற்கு யூசர் ரெஜிஸ்ட்ரேஷன் சேர்க்கவேண்டும். உட்கார்ந்த உடனேயே ஐந்து கேள்விகள் வந்து நிற்கும். எந்தெந்த விவரம் கட்டாயம்? சொன்னது உண்மை என்று யார் நிரூபிக்கவேண்டும்? உள்ளே வந்தவர் கையில் என்ன கொடுப்போம்? யாருக்கு எதற்கு அனுமதி? கணக்கை மூடும் உரிமை யாருக்கு?

யூடியூப் டுடோரியல் பார்த்தால் இது அரைமணி நேர வேலை. கோடு எழுத அரைமணி நேரம் போதும்தான். ஆனா இந்த ஐந்து கேள்விக்கும் மலையகத்தில் 200 வருஷமாக யார் யாரோ பதில் எழுதியிருக்கிறார்கள். கங்காணி எழுதினார், தொரை எழுதினார், பாராளுமன்றம் எழுதியது, இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சேர்ந்து எழுதினார்கள். அந்தப் பதில்களால் ஒரு தலைமுறை ஓட்டு இழந்தது, இன்னொரு தலைமுறை கப்பலேறியது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றைக்கு நிறைய இளைஞர்கள் கணினி படிக்கிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் எழுதப்போகும் பதிவுப் படிவங்களுக்கு முன்னால் நம்ம ஆட்கள் நிரப்பிய படிவங்களின் கதை ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப்பற்றித்தான்.

தகரமும் காகிதமும்

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வரத் தொடங்கியபோது பெரிதாகப் பதிவு ஒன்றும் இருக்கவில்லை. கங்காணி ஊருக்குப் போவார், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று ஒரு கூட்டம் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், கூட்டிக்கொண்டு வருவார். தோட்டத்துக்குத் தெரிந்தது கங்காணியைத்தான். அவருக்குக் கீழே எத்தனை தலை என்பது ஒரு எண்ணிக்கை, அவ்வளவே. இன்றைய பாஷையில் சொன்னால் கணக்கு ஒன்றுதான்; அது கங்காணி பேரில் இருந்தது. தொழிலாளர்கள் அந்தக் கணக்குக்குள் இருந்த வரிகள்.

இந்தக் கணக்கின் மையத்தில் இருந்தது கடன். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணத்தில் ஏறும். கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் தொரையிடம் ஒரு துண்டு வாங்கவேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விட்டுவிடுகிறேன் என்று தொரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டத்துத் தொரை அந்தத் தொகையைக் கட்டி எல்லோரையும் எடுத்துக்கொள்வார். கடன் தீராது, இடம் மட்டும் மாறும். ஆள் பிடிக்கும் போட்டியில் அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். கூட்டத்திலிருந்த பெண்ணிடமோ பிள்ளையிடமோ யாரும் போய் “நீங்க வர்றீங்களா?” என்று கேட்டதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தின் குறியீடும் எண்ணும் அடித்த சின்னத் தகரத் துண்டு. அதைக் கட்டிக்கொண்டு வந்தவரை, கையில் காசு இல்லாவிட்டாலும், முகாம் முகாமாக, ரயில் ரயிலாக அனுப்பி உரிய தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, மண்டபம் முகாமில் நின்று சோதனை முடித்து இந்த வழியாகத்தான் பெரும்பாலானோர் வந்தார்கள்.

ஏபிஐ எழுதுகிறவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். நாம் இன்றைக்கு ஒருவர் லாகின் செய்ததும் ஒரு டோக்கன் கொடுக்கிறோம். அடுத்தடுத்த வேண்டுகோள்களில் அவர் அந்த டோக்கனைக் காட்டினால் போதும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கமாட்டோம். யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவர்தான் ஆள் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். தகர டிக்கட்டும் அப்படித்தான் வேலை செய்தது, ஒரு வித்தியாசத்தோடு. தகரத்தில் அடித்திருந்தது ஆளின் பேர் கிடையாது, தோட்டத்தின் குறி. தொலைந்துபோன சாமானை உரியவரிடம் சேர்ப்பதுபோல ஆளைச் சேர்த்தார்கள். தகரத்தைக் கழுத்தில் போட்டவர் வேறு, அது யாருடையது என்பது வேறு.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. வேலையை விட்டுப் போனால் சிறை என்றிருந்த தண்டனையும் அதோடு போனது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துத்தான் தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் கணக்கைத் தானே வைத்திருக்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

பேரு, அரைப்பேரு

அதற்குப் பிறகு ஆளைப் பதிந்த புத்தகம் செக்ரோல். காலையில் பெரட்டுக்களத்தில் நின்றால் பேர் போடுவார்கள். மலையகத் தமிழில் ‘பேரு’ என்ற சொல்லுக்கு ஒருநாள் சம்பளம் என்று பொருள் வந்தது இந்தப் புத்தகத்தால்தான். “இன்னிக்கு பேரு விழுந்துச்சா?” என்றால் இன்றைய கூலி எழுதினார்களா என்று அர்த்தம். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேரு. ஒரு மனுஷியின் பேரையே பாதியாக வெட்டிக் கணக்கில் எழுதும் ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. நாம் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம்.

செக்ரோலில் எழுதுகிறவர் ஒருவர், எழுதப்படுகிறவர் இன்னொருவர். கொழுந்து எத்தனை கிலோ, தரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் பென்சிலில் இருந்தது. அந்தப் புத்தகத்தை எட்டிப்பார்க்கவோ, பிழை என்றால் திருத்தவோ தொழிலாளிக்கு வழி இருக்கவில்லை. சண்டை போட்டால்தான் உண்டு. தொழிற்சங்கங்கள் வந்தபிறகு சங்கத்துத் தலைவர் போய்ப் பேசுவார்.

பேரை வெட்டுவதும் ஒரு கையெழுத்து வேலைதான். பத்துச்சீட்டு என்று ஒரு சொல் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்துக் காம்பரா இல்லை. ஒரே கணக்கில் வேலை, வீடு, அரிசி, பிள்ளைமடுவம், மருந்து எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்ததால் ஒன்றை மூடினால் எல்லாம் மூடும். இன்றைக்கு ஒரே லாகினில் பத்துச் சேவைகளை இணைப்பது வசதியென்று நினைக்கிறோம். வசதிதான். அந்த லாகினை வேறொருவர் முடக்கலாம் என்ற நிலை இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்க, நம்ம தாத்தா பாட்டிகளைவிட நல்ல சாட்சி கிடையாது.

1948: ஒரு கட்டாயக் கட்டம்

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோதே மலையக மக்களுக்குத் தனி நிபந்தனைகள் இருந்தன. நாட்டில் நிலையாக வாழ்கிறவர் என்று காட்டவேண்டும். அப்படிக் காட்டியும் வாக்காளர் தொகை வளர்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் போனார்கள். மற்றத் தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் தோட்டத்து ஓட்டுகள் விழுந்தன.

அடுத்த வருஷம் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15 முதல் அது நடைமுறை. வம்சாவளிப் பிரஜை என்று ஏற்றுக்கொள்ள, இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை.

ஒரு புரோகிராமர் கண்ணால் பார்த்தால் இது ஒரு படிவத்தில் சேர்த்த ஒரே ஒரு கட்டாயக் கட்டம். ‘தகப்பன் பிறந்த இடம்: சான்று இணைக்க.’ நாட்டில் எல்லோருக்கும் பொதுவான கட்டம். ஆனால் கிராமத்தில் இருந்தவரிடம் யாரும் இந்தச் சான்றைப் போய்க் கேட்கப்போவதில்லை. அவருடைய பேரே போதும். லயத்தில் பிறந்தவரிடம்தான் கேட்பார்கள். லயத்திலோ பாட்டன் காலத்துப் பிறப்புகள் பலதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. பிள்ளை பிறந்தது எல்லோருக்கும் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

இந்தச் சட்டத்தில் அடைபட்டவர்களுக்கென்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். இதுதான் நம்ம வரலாற்றின் பெரிய ரெஜிஸ்ட்ரேஷன் படிவம். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் என்றால் 7 வருஷம், மணமாகாதவர் என்றால் 10 வருஷம் இலங்கையில் இருந்திருக்கவேண்டும். விண்ணப்பிக்கும் வரையும் அந்தத் தொடர்ச்சி அறக்கூடாது. ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்குமேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. வருமானம் காட்டவேண்டும். மனைவி, பிள்ளைகள் இருந்த இடத்தையும் காட்டவேண்டும். விண்ணப்பிக்க 2 வருஷ அவகாசம், 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள்.

அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. விண்ணப்பம் முடிவாகும் வரைக்கும் ஓட்டு இருக்கட்டும் என்று வைக்கவில்லை. முதலில் கணக்கை முடக்கிவிட்டு, பிறகு சரிபார்ப்புக்கு வரச்சொன்னார்கள்.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு முடிவை மாற்றி எல்லோரும் விண்ணப்பிக்கவேண்டும் என்றது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. விசாரணைகள் ஐம்பதுகள் முழுக்க இழுத்தன. முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்கு.

மிச்சப்பேரில் எத்தனைபேர் பொய் சொன்னவர்கள்? இந்தக் கேள்விக்கு அந்தப் படிவத்தால் பதில் சொல்லமுடியாது. அது உண்மையையும் காகிதத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. இருபது வருஷம் ஒரே லயத்தில் இருந்தவரும், சான்று காட்டமுடியாவிட்டால், நேற்று வந்திறங்கியவரும் அதற்கு ஒன்றுதான்.

இதை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். றுவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பேர் சேர்க்கச்சொல்லிக் கோடாகன் பிள்ளை போட்ட வழக்கு கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. ஒரு சமூகத்துக்கு மட்டும் இடைஞ்சல் செய்யும் சட்டம் போடக்கூடாது என்று அப்போதைய யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. 1953இல் பிரிவி கவுன்சில் வழக்கைத் தள்ளியது. யார் பிரஜை என்று வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிய இயல்பான வேலை. இந்தச் சட்டங்கள் எந்தச் சமூகத்தையும் பேர் சொல்லிக் குறிவைக்கவில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

நம்ம தொழிலில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். “நாங்க யாரையும் ஒதுக்கல, எல்லாருக்கும் ஒரே வேலிடேஷன்தான்” என்று நாம் சொல்வது இதே வாதம். விதியில் யாருடைய பேரும் இல்லாமல் இருக்கலாம். விதியைத் தாண்டி உள்ளே வந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்று எண்ணிப்பார்த்தால்தான் அது யாருக்கு எழுதிய விதி என்று தெரியும்.

கேட்காமல் மாற்றிய கணக்கு

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பது, 3 இலட்சம் பேரை இலங்கை எடுப்பது, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கணினி வேலையில் இதற்கு மைக்ரேஷன் என்று பேர். ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு வரிகளை நகர்த்துவது. முதலில் எண்ணிக்கையை முடிவுசெய்துவிட்டு, பிறகுதான் யார் யார் எங்கே என்று விண்ணப்பம் வாங்கினார்கள். இங்கேயே இருக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஒதுக்கிய 3 இலட்சத்தைவிட அதிகம். கோட்டா நிரம்பினால் விருப்பத்துக்கு மதிப்பு என்ன? அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. ஹட்டன் ரயில் நிலையத்தில் ஒப்பாரி வைத்து வழியனுப்பிய கதையைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, 1984இல் கப்பல் நின்றுபோனதால் போகமுடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. கையில் ஒரு நாட்டின் காகிதம், கால் இன்னொரு நாட்டின் மண்ணில்.

எண்ணின் கடைசி எழுத்து

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தது. பழைய அட்டையின் எண்ணைக் கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பிறகு ஒரு தொடர் எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம். கடைசியில் ஒரு எழுத்து. பிரஜை என்றால் ‘வி’, பிரஜை இல்லாமல் இங்கே வசிப்பவர் என்றால் ‘எக்ஸ்’. ‘வி’ என்றால் வோட்டர் என்றுதான் மக்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள்.

டேட்டாபேஸ் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று இருக்கிறது: மாறக்கூடிய தகவலை ஐடிக்குள் வைக்காதே. அந்த ஐடி நூறு இடத்தில் பதிந்திருக்கும், மாற்றவே முடியாது. பிரஜாவுரிமை மாறக்கூடியது. அதை எண்ணுக்குள்ளேயே வைத்தால், வங்கியிலும் வேலைக்குப் போன இடத்திலும் சோதனைச் சாவடியிலும் அட்டையை நீட்டும்போதெல்லாம் அந்த எழுத்தும் கூடவே போய் நிற்கும். 2016இல் வந்த 12 இலக்கப் புது எண்ணில் எழுத்தே இல்லை.

அட்டை வாங்கும் வழியிலும் தோட்டம் குறுக்கே நின்றது. மற்ற இடங்களில் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துகிறவர் கிராம உத்தியோகத்தர். தோட்டத்தில் குடியிருப்பவருக்கு அது தோட்ட அத்தியட்சகர். துண்டை ஒழித்து ஐம்பது வருஷத்துக்குப் பிறகும், ‘இவர் இன்னார்’ என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் கையெழுத்து தொரையிடமே இருந்தது. பிறப்புப் பதிவு இல்லாததால் அட்டையில்லாமல் இருந்தவர்களுக்கு யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

2003: பத்து நாளில் நடந்தது

1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள் என்று அது சொன்னது. விண்ணப்பித்து, விசாரித்து, பிறகு தருகிறோம் என்று சொல்லவில்லை. நாடற்றவராக இருந்தவர் ஒரு பொதுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டால் அதுவே சான்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கு ஒரு விசேட பிரகடனம்.

அந்த வருஷம் டிசம்பரில் ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகத்தின் உதவியோடு தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம்கள் போட்டார்கள். பத்து நாளில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிந்தார்கள்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1949இன் படிவம் பத்து வருஷத்துக்குமேல் வேலைசெய்து ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரை உள்ளே எடுத்தது. 2003இன் படிவம் பத்து நாளில் அதைவிட அதிகம் எடுத்தது. மக்கள் அதே மக்கள். அவர்களிடம் புதிதாக ஒரு காகிதமும் முளைக்கவில்லை. பாட்டனின் பிறப்புச் சான்று 1949இலும் இல்லை, 2003இலும் இல்லை. மாறியது ஒன்றுதான்: நிரூபிக்கும் பாரத்தை யார் சுமப்பது என்பது. முன்பு ‘இல்லை’ என்பதில் தொடங்கி ‘ஆம்’ என்று காட்டச் சொன்னார்கள். இப்போது ‘ஆம்’ என்பதில் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான விஷயம் இது. ஒரு பதிவு முறை நல்லதா கெட்டதா என்பதை அதன் பாதுகாப்பு, வேகம், அழகு எதுவும் தீர்மானிப்பதில்லை. ஆதாரம் இல்லாதபோது அது யார் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

நம்ம படிவங்கள்

பாஸ்வேர்டின் கதையும் இங்கே கொஞ்சம் உதவும். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் பங்குபோட்டுப் பாவித்த ஒரு கணினியில், அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கத்தான் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் பாஸ்வேர்ட் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அலன் ஷெர் என்ற மாணவர் பாஸ்வேர்ட் கோப்பை அப்படியே அச்சடித்து எடுத்துவிட்டார். எல்லாம் வெறும் எழுத்தாகவே இருந்தது. யுனிக்ஸ் முறைமையில் பாஸ்வேர்டை ஹாஷ் செய்து வைக்கும் வழியை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஹாஷ் செய்தால் பயனரின் இரகசியத்தைச் சர்வர்கூடத் தெரிந்துவைத்திருக்காது. சரிதானா என்று மட்டும் பார்க்கும். கணக்கு வைத்திருக்கும் இடத்துக்கும் கணக்குக்கு உரியவருக்கும் நடுவே ஒரு கோடு கிழித்த நாள் என்று இதைச் சொல்லலாம். துண்டு, செக்ரோல், பத்துச்சீட்டு எதிலும் இல்லாமல் இருந்தது இந்தக் கோடுதான்.

அதனால் நம்ம ஊருக்கு ஒரு செயலியோ ஏபிஐயோ எழுதும்போது சில இடங்களில் நின்று யோசிக்கலாம்.

பேர் கட்டம். ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டத்தைக் கட்டாயமாக்காமல் ஒரே கட்டம் வைத்தால் போதும். தமிழில் எழுதினாலும் ஏற்கவேண்டும். தோட்டத்துப் பேர்களைப் பதிவாளர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டதுபோல் எழுதி, பிறப்புச் சான்றில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் இன்னொன்று என்று கிடக்கிறது. ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தன் சொந்தக் காசை எடுக்க ‘இந்த மூணு பேரும் நான்தான்’ என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைகிறார். திருத்தம் செய்யும் வழி இல்லாத பேர்க் கட்டம் எழுதினால் நாலாவது பேரை நாமே உண்டாக்குவோம்.

போன் நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு கணக்குதான் என்று யூனிக் போட்டால், ஒரே போனை வைத்திருக்கும் ஒரு காம்பராவில் அப்பா மட்டும் பதியலாம். ஓடிபி வரும் நேரத்தில் போன் மலையில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும், சிக்னல் இரண்டு இடத்திலும் இருக்காது. ஓடிபியின் ஆயுளை இரண்டு நிமிஷம் என்று வைக்குமுன் இதை நினைக்கலாம்.

முகவரி. வீதி, வீட்டு இலக்கம் என்று கட்டாயமாகக் கேட்டால் லயத்துக்காரர் என்ன எழுதுவார்? தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் பலகாலமாகத் தோட்டத்து ஆபீஸுக்கே வந்து, அங்கிருந்துதான் பிரிந்தன. முகவரி தேவையில்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

‘பரிசீலனையில்’ என்ற நிலை. விண்ணப்பித்தவர் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எத்தனை நாளுக்குள் பதில் என்ற கெடு வேண்டும், மறுத்தால் காரணம் தமிழில் வேண்டும், மேல்முறையீட்டுக்கு ஒரு வழி வேண்டும். கெடு இல்லாத ‘பரிசீலனை’யில் நம்ம ஆட்கள் ஐம்பது வருஷத்துக்குமேல் நின்றார்கள். அதற்குத்தான் நாடற்றவர் என்று பேர்.

கணக்கை மீட்பதும் மூடுவதும். மறந்த பாஸ்வேர்டை மீட்க இன்னொருவரின் தயவு வேண்டும் என்றால் அந்தக் கணக்கு அந்த இன்னொருவருடையது. தன் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகளை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பேசுகிறது. சில தோட்டங்களில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. பென்சில் போய் ஸ்கிரீன் வந்திருக்கிறது. கொழுந்து பறித்தவர் தன் கணக்கைத் தானே திறந்து நேற்று எத்தனை கிலோ விழுந்தது என்று பார்க்கமுடியுமா? முடியாதென்றால் அது மின்சாரத்தில் ஓடும் செக்ரோல்.

இதெல்லாம் இப்போது அவசரமான பேச்சும்கூட. இந்திய உதவியுடன் புதிய டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இலங்கையில் நடந்துகொண்டிருக்கிறது. அட்டை எப்படி இருக்கும், கைரேகை எடுப்பார்களா என்பதைத்தான் அதிகம் பேசுகிறோம். அதைவிட முக்கியமானதைக் கேட்கவேண்டும். பிறப்புச் சான்றில் பிழை உள்ளவருக்கு, கொழுந்து பறித்துப் பறித்துக் கைரேகை தேய்ந்தவருக்கு, தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவருக்கு அந்த முறைமை எந்தப் பக்கம் சாயும்? 1949இன் பக்கமா, 2003இன் பக்கமா?

இந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், சங்கங்கள் இருக்கின்றன. முதல்தடவையாக, அந்தப் படிவத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்று படித்துப்பார்க்கத் தெரிந்த பிள்ளைகளும் நம்ம லயங்களிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கூட்டங்களுக்குப் போய், எந்தக் கட்டம் கட்டாயம், சான்று இல்லையென்றால் என்ன நடக்கும், யார் கையெழுத்து வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைக்கவேண்டும். வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய விண்ணப்பப் பிரதிகள், மறுப்புக் கடிதங்கள், பத்துச்சீட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். புதுப் படிவத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல டெஸ்ட் டேட்டா வேறெங்கும் கிடைக்காது.